அப்பாவோட மோரிஸ் மைனர்ல ஒளிச்சு வச்ச மியூசிக் சிஸ்டம்: பில்லு, அண்ணன், இன்ஷூரன்ஸ்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்குற டோங்காட்லேர்ந்து ஒரு தங்கச்சி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, கடை பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதே சிக்கல்ல வேற வேற ரூபத்துல மாட்டிக்கிட்டவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேரு இருக்காங்க.

அவங்க அப்பா தவறி பதினாலு மாசம் ஆச்சு. உயில் எழுதல. வீடு அம்மா பேர்ல இருக்கு. அப்பா பேர்ல இருந்தது 1964 மாடல் மோரிஸ் மைனர் ஒண்ணும், பேங்க்ல ஒரு 60,000 ரேண்டும். அம்மா இவங்களோடதான் இருக்காங்க, அண்ணன் ஜோகன்னஸ்பர்க்ல. கார்ல அப்பா காலத்து ரேடியோ ஒண்ணு இருந்திருக்கு, மீடியம் வேவ் மட்டும் எடுக்கும், அதுவும் பல வருஷமா வாயே திறக்கல. வெள்ளிக்கிழமை அம்மாவ கோயிலுக்கு கூட்டிட்டு போறப்போ அப்பா கேட்ட பாட்டெல்லாம் கார்ல ஓடணும், ஆனா காரப் பாத்தா அவரு விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும், இதுதான் ஆசை. அம்மாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு அவங்ககிட்டயும் சொல்லல.

டர்பன்ல ஒரு சவுண்ட் ஷாப்ல வாட்ஸாப்லயே 9,500 ரேண்ட்னு கொட்டேஷன், "ஒண்ணுமே வெளிய தெரியாது மேடம்"னு ஒரு வாய்ஸ் நோட். 4,000 அட்வான்ஸ் கட்டியாச்சு. போயி பாத்தா ரெண்டு கதவுலயும் தகட்ட வெட்டி ஸ்பீக்கர் மாட்டியிருக்காங்க, பழைய ரேடியோவ காணோம் (ஸ்க்ராப்புன்னு நெனச்சுட்டாங்களாம்), ஆம்ப்ப (சத்தத்த கூட்டுற ஆம்ப்ளிஃபயர்) கனெக்ட் பண்ண அன்னைக்கே புகை வந்து டேஷ்போர்டுக்கு பின்னாடி வயரெல்லாம் உருகிப் போச்சு. கேட்டா உங்க கார் வயரிங் பழசு, அதான் காரணம்னு சொல்லி, முழுசா ரீவயரிங் பண்ணணும், மொத்தம் 21,400 ரேண்ட், கட்டுனாத்தான் கார்னு நிக்கிறாங்க. கார விடும்போது ஓனர்ஸ் ரிஸ்க்னு, அதாவது என்ன ஆனாலும் கார்க்காரங்களே பொறுப்புன்னு, ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வேற வாங்கியிருக்காங்க. இது எப்படியோ அண்ணன் காதுக்கு போயி, கார்ல எனக்கும் பாதி இருக்கு, பழங்கால கார மாத்துறது சட்டப்படி குத்தம், திருட்டு கேஸ் குடுப்பேன்னு போன்ல கத்தியிருக்காரு.

தங்கச்சி கேக்குறது மூணு. எங்கிட்ட ரெண்டாவது சாவி இருக்கு, ராத்திரி போயி எடுத்துட்டு வந்துடவா? சிஸ்டம் உள்ள ஒளிஞ்சுதானே இருக்கு, இன்ஷூரன்ஸ்க்கு சொல்லணுமா? அண்ணன் கேஸ் போட முடியுமா?

மொதல்ல அந்த சாவிய அலமாரில வைங்க

வேண்டாம் தங்கச்சி. உங்க கோபம் நியாயந்தான், ஆனா இங்க சட்டத்துல ஒரு பழைய வழக்கம் உண்டு, கோர்ட் ஆர்டர் இல்லாம ஒருத்தர் கைல அமைதியா இருக்குற பொருள நீங்களா போயி எடுத்தா அது ஸ்போலியேஷன். அந்தக் கடைக்காரன் கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் யாரு பக்கம் நியாயம்னே மொதல்ல கேக்கமாட்டாரு, கார திருப்பிக் கொண்டுபோயி விடுங்க, அப்புறம் பேசலாம்னுதான் சொல்வாரு, செலவும் உங்க தலையில விழும். வேலை செஞ்ச ஆளுக்கு காசு வர்ற வரைக்கும் பொருள புடிச்சு வச்சுக்க ஒரு உரிமை இருக்கு, அத 'லீன்'னு சொல்வோம். அவன் வேலை கேவலமா இருந்தாலும் அந்த உரிமைய ராத்திரி சாவி போட்டு ஒடைக்க முடியாது. ஆனா அந்த லீனை கழட்ட வேற வழி இருக்கு, கீழ சொல்றேன்.

கார் யாரோடது

நீங்க உங்களோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, சாவியும் உங்ககிட்ட, காரும் இத்தனை நாளா உங்க முற்றத்துல. அண்ணன் பாதி தன்னோடதுன்னு நெனக்கிறாரு. நீங்க எழுதுனத வச்சுப் பாத்தா ரெண்டு பேரும் தப்பு. கார் அம்மாவுக்குத்தான் சேரணும்.

உயில் இல்லாம ஒருத்தர் போனா 1987-ஆம் வருஷத்து இன்டெஸ்டேட் சக்செஷன் ஆக்ட் வரும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தா, மனைவிக்கு 250,000 ரேண்ட் இல்லாட்டி ஒரு பிள்ளைக்கு வர்ற பங்கு, ரெண்டுல எது பெருசோ அது. மிச்சம் இருந்தாத்தான் பிள்ளைகளுக்கு. அப்பா பேர்ல இருந்தது ஒரு மோரிஸ் மைனரும் 60,000 ரேண்டும்தான்னா 250,000-ஐ தொடவே தொடாது, அப்போ பிள்ளைகளுக்கு பிரிக்க ஒண்ணுமே இல்ல. நீங்களும் அண்ணனும் போன்ல கிழிச்சுக்கிட்டு இருக்குறது அம்மாவோட பொருளுக்காக, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

அம்மா அப்பா கல்யாணம் 1968-ல கோயில்ல தாலி கட்டுனதோட சரி, ரெஜிஸ்டர் பண்ணல, அதனால அம்மா சட்டப்படி மனைவியே இல்லன்னு ஒரு ஏஜென்ட் சொன்னதா எழுதியிருக்கீங்க. இதக் கேட்டு நான் எத்தனை தடவை பல்லக் கடிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. நம்ம பாட்டி தாத்தா தலைமுறையில நிறைய பேருக்கு இப்படித்தான் கல்யாணம் நடந்துச்சு. 2008-லயே டர்பன் ஹை கோர்ட், ஒருத்தனுக்கு ஒருத்தின்னு இந்து முறைப்படி நடந்த கல்யாணத்துல புருஷன் போனதுக்கு அப்புறம் உயிரோட இருக்குற மனைவியும் இந்தச் சட்டத்துக்கு மனைவிதான்னு தீர்ப்பு சொல்லியாச்சு. அம்மா கல்யாணப் பத்திரிகை, போட்டோ, கல்யாணத்துக்கு வந்த பெரியவங்க யாராவது இருந்தா அவங்க அஃபிடவிட், இதெல்லாம் எடுத்து வைங்க.

அப்புறம், இறந்தவரோட எஸ்டேட்ட, அதாவது விட்டுட்டுப் போன சொத்த, 14 நாளுக்குள்ள ஹை கோர்ட் மாஸ்டர் ஆபீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும், நீங்க 14 மாசம் விட்டுட்டீங்க. பயப்பட வேண்டாம், லேட்டா வர்றவங்களத்தான் அங்க தினம் பாக்குறாங்க, ஆனா இனிமே தள்ளாதீங்க. எஸ்டேட் 250,000-க்கு கீழன்னா பெரிய எக்ஸிகியூட்டர் நடைமுறை வேண்டாம், லெட்டர் ஆஃப் அத்தாரிட்டின்னு ஒண்ணு குடுப்பாங்க, அத அம்மா பேர்ல வாங்குங்க. அத வச்சுத்தான் கார லைசென்ஸ் ஆபீஸ்ல பேர் மாத்த முடியும். ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல பேரு இருக்குறவங்கதான் ஓனர்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட உண்டு, அந்தப் பேப்பர் மட்டும் ஓனர்ஷிப்ப முடிவு பண்ணாது.

அண்ணன் மேட்டர் இதுலயே பாதி அடங்கிடுது. பழைய கார்ல அதோட சொந்தக்காரங்க ரேடியோ மாட்டுறதுக்கு இந்த நாட்டுல எந்தத் தடையும் இல்ல. திருட்டுன்னா அபகரிக்கணும்ங்கற எண்ணம் இருக்கணும், அம்மாவுக்காக பாட்டுப்பெட்டி வைக்கப்போன மகள் மேல அது நிக்காது. ஆனா ஒண்ணு, அம்மாகிட்ட கேக்காம கதவ வெட்டுற அளவுக்கு போற ஒரு வேலைக்கு கார விட்டது சரியில்ல, சர்ப்ரைஸா இருந்தாலும். இப்போ அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி, இந்த விஷயத்த என் சார்பா என் மகள் பாத்துப்பான்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. கடை மேல கேஸ்னு போனா இது வேணும், ஏன்னா ஒப்பந்தம் போட்டது நீங்க, அடிபட்ட கார் அம்மாவோடது.

புகை வந்தது யாரு தப்பு

இந்த இடத்துலதான் கேஸோட உயிர் இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். இந்த மாதிரி விஷயத்துல நான் எப்பவும் கேக்குற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்காரு. உங்க கதைய பாதி சொல்லும்போதே அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு: அந்த கார் பாசிட்டிவ் எர்த்தா?

மோரிஸ் மைனர் 1948-லேர்ந்து 1971 வரைக்கும் வந்துச்சு, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் நிறைய மாதிரி இதுலயும் பேட்டரியோட பாசிட்டிவ் பக்கந்தான் கார் பாடில கட்டியிருக்கும். இப்போ வர்ற மியூசிக் சிஸ்டம் பெரும்பாலும் நேர் எதிர், நெகட்டிவ் பாடில இருக்கணும், ஆம்ப்போட உலோகக் கூடும் பெரும்பாலும் நெகட்டிவோட சேந்திருக்கும். அத அப்படியே பாசிட்டிவ் எர்த் கார்ல ஸ்க்ரூ போட்டு முடுக்குனா நேரா ஷார்ட்டு. பழைய மைனர்ல மொத்தமே ரெண்டு ஃப்யூஸ்தான், பல வயர் ஃப்யூஸே இல்லாம போகும், அதனால ஆம்ப்போட நிக்காம வயரும் சேந்து உருகும். பானெட்ட தொறந்து பேட்டரில எந்தக் கம்பி பாடிக்குப் போகுதுன்னு பாத்தா ஒரு நிமிஷ வேலை. 1964 கார் உள்ள வந்தா மொதல்ல பாக்க வேண்டியதே அதான்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

ஒருவேளை அப்பா எப்பவோ நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தியிருக்கலாம், அப்படியும் நிறைய பேரு பண்ணியிருக்காங்க. அதனாலதான் சொல்றேன், அவங்க ரீவயரிங்னு கை வைக்கறதுக்கு முன்னாடி, சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன கூட்டிட்டுப் போயி பேட்டரி, உருகுன வயர், ஆம்ப் மாட்டுன இடம், கதவுல வெட்டுன ஓட்டை எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதி வாங்குங்க. கார் இன்னும் பாசிட்டிவ் எர்த்தா இருந்து, அதுல நெகட்டிவ் எர்த் ஆம்ப்ப முடுக்கியிருந்தா, வயரிங் பழசுங்கற பேச்சு அங்கயே முடிஞ்சுது. இன்னைக்கே கடைக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க: என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம இனிமே கார்ல எந்த வேலையும் பண்ணாதீங்க. மத்ததெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், இது இன்னைக்கே.

21,400 ரேண்ட கட்டணுமா

கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட், 2008-ஆம் வருஷத்து 68-ஆவது சட்டம். செக்ஷன் 54 சொல்றது, வேலை ஜனங்க சாதாரணமா எதிர்பாக்குற தரத்துல இருக்கணும், உங்க பொருள நீங்க குடுத்தப்போ இருந்த நெலமைக்கு குறையாம திருப்பித் தரணும். இல்லன்னா குறைய சரி பண்ணணும், இல்லாட்டி காசுல ஒரு நியாயமான பகுதிய திருப்பணும். செக்ஷன் 65, உங்க பொருள் அவங்க கைல இருக்குறப்போ பத்திரமா பாத்துக்கணும், தொலைஞ்சா அவங்கதான் பொறுப்பு. உங்க அப்பாவோட ரேடியோ நேரா இதுல வருது.

செக்ஷன் 15-ன்னு ஒண்ணு இருக்கு, கொட்டேஷனுக்கு மேல உங்க சம்மதம் இல்லாம சார்ஜ் பண்ணக்கூடாதுன்னு. 67 இன்னொண்ணு, கழட்டுன பாகத்த தனியா எடுத்து வச்சு ஒரு சுத்தமான டப்பால போட்டு திருப்பித் தரணும்னு. ரெண்டும் உங்களுக்கு சாதகந்தான், ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன், அவங்க வக்கீல் எழுந்து அதெல்லாம் ரிப்பேருக்கும் பார்ட்ஸ் மாத்துறதுக்கும்தான், நாங்க பண்ணது புது ஃபிட்டிங்னு வாதாடலாம். அதனால அதுல சாயாதீங்க, 54-லயும் 65-லயும் உக்காருங்க. போதாததுக்கு 9,500-ங்கறது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒப்பந்தம், அது வாட்ஸாப்ல இருந்தா என்ன, 2002-லேர்ந்தே எலக்ட்ரானிக் மெசேஜுக்கு இங்க சட்ட மதிப்பு உண்டு. "வெளிய தெரியாது"ங்கற அந்த வாய்ஸ் நோட்ட அழிச்சுடாதீங்க, அதுதான் கதவு ஓட்டைக்கு பதில். போன் மாத்துற பழக்கம் இருந்தா வேற எங்கயாவது ஒரு காப்பி போட்டு வைங்க.

ஓனர்ஸ் ரிஸ்க் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாச்சே, இனி எல்லாம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. போகல. அந்த மாதிரி வரிய எளிமையான மொழியில எழுதி, கையெழுத்துக்கு முன்னாடி உங்க கண்ணுல படுற மாதிரி காட்டியிருக்கணும், செக்ஷன் 49 அதத்தான் சொல்லுது. பெரிய அஜாக்கிரதைக்கு பொறுப்பு கெடையாதுன்னு எழுதினா அந்த வரியே செல்லாது, அது 51. பேட்டரியோட எந்தப் பக்கம் பாடில இருக்குன்னு பாக்காம ஆம்ப் மாட்டுனது அந்த அளவுக்கு போகுமான்னு கோர்ட்தான் சொல்லணும், ஆனா வாதாட நல்ல எடம் அது.

இப்போ கார எடுக்கற வழி. ஒண்ணு, தகராறுல இருக்குற பணத்த ஒரு அட்டர்னியோட ட்ரஸ்ட் அக்கவுண்ட்ல போட்டு, முடிவு தெரியற வரைக்கும் இது செக்யூரிட்டி, கார விடுங்கன்னு எழுத்துல கேக்குறது. மாட்டேன்னா கோர்ட் ஆர்டர் வாங்கலாம், ஆனா அந்தச் செலவு பில்ல தாண்டிடும், இந்தத் தொகைக்கு அது வேண்டாம். ரெண்டாவது, அண்டர் ப்ரொடெஸ்ட்னு, என் உரிமை எதையும் விட்டுக் குடுக்காம கட்டுறேன்னு எழுதிக் கட்டிட்டு கார எடுத்துட்டு அப்புறம் திருப்பிக் கேக்குறது. மூணாவது, வண்டித் தொழில் புகார்கள விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்புட்ஸ்மேன்கிட்ட புகார் குடுத்துட்டு காத்திருக்கிறது, அது வரைக்கும் கார் அங்கயே கெடக்கும். நான் சொல்றது: ரிப்போர்ட் கைக்கு வந்தவுடனே மொத வழிய கேளுங்க, ஒரு வாரத்துல பதில் இல்லன்னா ரெண்டாவதுக்கு போங்க, அதுவும் 9,500-ல பாக்கிய மட்டும் குடுத்து முடியுமான்னு மொதல்ல பேரம் பேசிப் பாருங்க. ரிப்போர்ட்ட மேசைல வச்சா பல கடைக்காரங்க குரலே மாறிடும்.

பணத்த திருப்பி வாங்க ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு, 2019-லேர்ந்து 20,000 ரேண்ட் வரைக்கும். வக்கீல் உள்ள வர முடியாது, அவங்களுக்கும் சேத்துத்தான், நீங்களே பேசணும், அது உங்களுக்கு நல்லதுதான், இவ்வளவு தெளிவா கடிதம் எழுதுற ஆளு கமிஷனர்கிட்ட தெளிவாவே சொல்லிடுவீங்க. மொதல்ல டிமாண்ட் லெட்டர் குடுத்து 14 நாள் விடணும். உங்க நஷ்டம் 20,000-க்கு மேல போனா மேல இருக்கறத விட்டுட்டு வரலாம். கடைல "வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க, அவருகிட்ட பேசறோம்"னு சொன்னாங்களாமே, அதுக்கு பதிலே சொல்லாதீங்க. சொல்ல வேண்டியத எழுத்துலயே சொல்லுங்க.

இன்ஷூரன்ஸ்

நீங்க சாதாரணமா கேட்டிருக்கீங்க, எனக்கு இதுதான் ரொம்ப பயம். சிஸ்டம் கண்ணுக்கு தெரியாம இருக்கலாம், இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு தெரியாம இருக்கக்கூடாது. அதவிட பெரிய ஓட்டை வேற இருக்கு, பாலிசி இன்னும் அப்பா பேர்லயே ஓடுது, ரெகுலர் டிரைவர்னு அப்பா பேரு போட்டிருக்கு, ஓட்டுறது நீங்க. மாசா மாசம் டெபிட் ஆர்டர் போகுதே, அப்போ கவர் இருக்குன்னுதானே அர்த்தம்னு கேக்குறீங்க. காசு எடுத்தாங்கங்கறதால க்ளெய்ம் குடுத்தே ஆகணும்னு இல்ல. எம்-4 ரோட்ல ஒருத்தன் பின்னாடி வந்து இடிச்சா மொத கேள்வியே யாரு ஓட்டுனதுன்னுதான் வரும்.

உடனே கூப்பிட்டு அப்பா தவறினத சொல்லுங்க, மாஸ்டர் பேப்பர் வந்ததும் அம்மா பேருக்கு மாத்துங்க, ரெகுலர் டிரைவர் நீங்கன்னு போடச் சொல்லுங்க. இந்த மாதிரி காருக்கு மார்க்கெட் வேல்யூ வேண்டாம், ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி ஒத்துக்கிட்ட விலை, அக்ரீட் வேல்யூ கேளுங்க, இல்லாட்டி அறுபது வருஷத்து காருக்கு அவங்க போடுற விலை உங்கள அழ வைக்கும். கம்பெனில வராத சவுண்ட் சிஸ்டத்த தனியா குறிப்பிட்டாத்தான் பல பாலிசியில கவர் உண்டு, அதனால என்ன மாட்டியிருக்கு, யாரு மாட்டுனது, ஃப்யூஸ் எங்க இருக்கு, எல்லாம் இன்வாய்ஸோட குடுங்க. நாளைக்கு வயர்ல தீப்பிடிச்சு, சொல்லாத ஆம்ப் ஒண்ணு சீட்டுக்கு அடியில கெடந்துச்சுன்னா அவங்க மறுக்கறதுக்கு நீங்களே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். அப்படி மறுத்து அது அநியாயம்னு பட்டா, 2024 மார்ச்லேர்ந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட்னு ஒரே எடமா ஆக்கியிருக்காங்க, காசு வாங்காம பாப்பாங்க.

சரி, பாட்டு வேணுமே

ஆசைய விட வேண்டாம், அம்மா சரின்னா. எலக்ட்ரீஷியன் சொன்னத அப்படியே சொல்றேன். அந்தக் காரோட டைனமோ நல்லா ஓடும்போதே இருபது ஆம்பியர் கரண்ட் சுத்தித்தான் குடுக்கும், ரோபோட்ல (ட்ராஃபிக் லைட்ல) நிக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணும் குடுக்காது. ஹெட்லைட், வைப்பர் போக மிச்சம் கம்மி. அதனால டப்பு டப்புன்னு அடிக்கிற ஆம்ப் வேண்டாம், கரண்ட் கம்மியா எடுக்குற சின்ன க்ளாஸ் டி ஆம்ப் ஒண்ணு, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ், டேஷுக்கு கீழ இருக்குற அந்த பார்சல் ஷெல்ஃப்லயும் முன் சீட்டுக்கு அடியிலயும் பெட்டியோட சேந்த ஸ்பீக்கர். ஒரு துளையும் போடாம எல்லாத்தையும் திரும்ப கழட்ட முடியணும். கதவ வெட்டுனா அழகு மட்டுமில்ல, நம்ம கடல் காத்துல வெட்டுன தகடு சீக்கிரமே துருவேறும், அதனால இப்ப இருக்குற ஓட்டைய வெல்டிங் பண்ணி பெயிண்ட் அடிக்கிற செலவுக்கு கார் தகடு வேலை பாக்குற ஒரு பேனல் பீட்டர்கிட்ட கொட்டேஷன் வாங்கி க்ளெய்ம்ல சேருங்க. எர்த்த மாத்துறதா, இல்ல பாசிட்டிவ் எர்த்தயே வச்சுக்கிட்டு சிஸ்டத்துக்கு மட்டும் கார் பாடிய தொடாம தனியா கரண்ட் குடுக்குற ஒரு ஐசொலேட்டட் கன்வெர்டர் போடுறதாங்கறது அந்த எலக்ட்ரீஷியன் காரப் பாத்து சொல்லட்டும்.

உண்மையில நல்ல வழி அந்தப் பழைய ரேடியோதான். மூடி, டயல், குமிழ் எல்லாம் அப்படியே இருக்க, உள்ள இருக்கறத மட்டும் எடுத்துட்டு ஒரு சின்ன எஃப்எம், ப்ளூடூத் போர்ட வைப்பாங்க. அந்தக் காலத்து ஸ்டேஷன்ல எல்எம் ரேடியோ 1975-ல மூடியாச்சு, ஸ்பிரிங்பாக் 1985 கடைசியோட நின்னுச்சு, அந்த ரேடியோ அப்படியே ரிப்பேர் ஆனாலும் அதுல கேக்க பெருசா ஒண்ணும் இல்ல. போர்டு மாத்துனா அதே குமிழ திருப்பி 87.7-ல நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்க ஸ்டேஷன் லோட்டஸ் எஃப்எம் கேக்கலாம், போன்லேர்ந்து அப்பா பாட்டும் வரும். போன கைல எடுக்காதீங்க, ஓட்டும்போது கைல புடிச்சா அது தனி ஃபைன்.

அதுக்கு மொதல்ல ரேடியோ வேணும். ஸ்க்ராப்புன்னு நெனச்சோம்னு சொன்னாங்களே ஒழிய தூக்கிப் போட்டுட்டோம்னு சொன்னதா நீங்க எழுதல. இன்னைக்கு அனுப்புற மெசேஜ்லயே ரெண்டாவது வரியா சேருங்க: கார்லேர்ந்து கழட்டுன ரேடியோவ இத்தனாம் தேதிக்குள்ள திருப்பிக் குடுங்க, இல்லன்னா அத எங்க, யாருகிட்ட, எப்ப குடுத்தீங்கன்னு எழுத்துல சொல்லுங்க. அந்த ரேடியோ தெரியற பழைய போட்டோ ஏதாவது இருந்தா கூடவே வைங்க, கார் உள்ள எடுத்த குடும்ப போட்டோவா இருந்தாலும் பரவாயில்ல, டேஷ்போர்ட் தெரிஞ்சா போதும்.